முகாமையாளரை மாற்றியதும் அணி வெல்லத் தொடங்குவது ஏன்?

யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு, இங்கிலாந்தில் குளிர்கால நேரமென்றால் எட்டரைக்கு, பிறீமியர் லீக் மச் தொடங்கும். ஒரு அணி தொடர்ந்து மூன்று மச் தோற்றால் போதும், அணியைத் தெரிவுசெய்து நடத்தும் முகாமையாளரைப் பற்றி ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். “உவரை அனுப்பினாத்தான் ரீம் உருப்படும்” என்பது ஒரு கட்சி. “எத்தினை பேரைத்தான் மாத்திறது, ஒருத்தருக்காவது காலம் குடுங்கோவன்” என்பது மற்றக் கட்சி. குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று உதைபந்தாட்டம் ஊறிய எந்த ஊரில் நின்றாலும், சொந்தக் கழகத்தின் பயிற்றுநரைப் பற்றியும் இதே கதையைக் கேட்கலாம்.

இந்த விவாதம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு கட்சியும் ஆதாரமாகக் கொண்டுவருவது கடைசி ஐந்தாறு மச்சின் முடிவுகளைத்தான். ஒரு முகாமையாளரை எடைபோடுவதற்கு அதைவிடப் பலவீனமான ஆதாரம் இல்லை. ஏன் என்று விளங்க ஒரே ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். புள்ளிவிபரவியலில் அதற்குச் சராசரிக்குத் திரும்பல் என்று பெயர்.

ஒரே மைதானத்துக்கு மேலே இரண்டு விமானங்கள்

2017 மார்ச் 18 ஆம் திகதி வெஸ்ட் புறோம்விச் மைதானத்தில் ஆர்சனல் விளையாடிக்கொண்டிருந்தது. மேலே சிறு விமானமொன்று பதாகையை இழுத்தபடி பறந்தது. ஆர்சனல் முகாமையாளர் ஆர்சென் வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் கொடுக்க வேண்டாம் என்றது பதாகை. பிறகு இன்னொரு விமானம் வந்தது. வெங்கரை நம்புகிறோம், அவரை மதியுங்கள் என்றது அது. அன்று ஆர்சனல் 3–1 எனத் தோற்றது.

வெங்கர் 1996 இல் வந்தவர். 2003–04 பருவத்தில் 38 லீக் போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் சம்பியனானவர். விமானங்கள் பறந்த அந்தப் பருவத்தின் முடிவில் ஆர்சனல் லீக்கில் ஐந்தாம் இடம். ஆனால் லீக்குக்குப் புறம்பாக நடக்கும் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில் சம்பியன் செல்சியை 2–1 என வென்றது. கழகம் அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஒரு வருடத்தில் அவர் விலகினார். ஐந்தாம் இடத்தைக் காட்டி ஒரு கட்சியும் கிண்ணத்தைக் காட்டி மற்றக் கட்சியும் தாங்கள் சொன்னதுதான் சரி என்றன. ஒரே ஆளின் ஒரே பருவத்து முடிவுகள் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லுமென்றால், அந்தச் சாட்சியை முதலில் குறுக்குவிசாரணை செய்ய வேண்டும்.

பாடு இல்லாத வாரம்

பாசையூரிலிருந்து தொழிலுக்குப் போகும் படகொன்றை எடுத்துக்கொள்வோம். எங்கே வலை விடுவது, எப்போது இழுப்பது என்பது படகை நடத்துகிறவருக்குத் தெரியும். அது அவருடைய திறமை. ஆனால் நீரோட்டம், காற்று, நிலவு, மீன் அன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பியது என்பவை அவர் கையில் இல்லை. ஒவ்வொரு நாள் பாட்டிலும், அதாவது அன்றைக்குப் பிடிபட்ட மீனிலும், இரண்டும் கலந்துதான் கரைக்கு வருகின்றன.

ஒரு வாரம் பாடே இல்லை என்று வையுங்கள். படகின் சொந்தக்காரரான சம்மாட்டி பொறுமையிழந்து ஆளை மாற்றுகிறார். அடுத்த வாரம் வழமையான பாடு வருகிறது. புது ஆளுக்கு நல்ல கைராசி என்று கரையில் பேசிக்கொள்வார்கள். ஆனால் பழைய ஆளே போயிருந்தாலும் பெரும்பாலும் வழமையான பாடுதான் வந்திருக்கும். முந்திய வாரம் அவ்வளவு மோசமாவதற்குக் காற்றும் நீரோட்டமும் மீனும் ஒன்றுசேர்ந்து எதிராக நின்றிருக்க வேண்டும். அவை ஒவ்வொரு வாரமும் அப்படி ஒன்றுசேர்வதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம், மாற்றம் நடந்த நேரம். நல்ல பாடு வந்த வாரத்தில் எந்தச் சம்மாட்டியும் ஆளை மாற்றமாட்டார். மாற்றம் எப்போதும் படுமோசமான வாரத்துக்கு அடுத்ததாகவே வருகிறது. அதற்கு அடுத்த வாரம் பெரும்பாலும் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். அந்த ஏற்றத்தின் பேர் முழுக்கப் புது ஆளுக்குப் போய்ச் சேர்கிறது.

சராசரிக்குத் திரும்பல் என்றால் என்ன

திறமையும் அதிர்ஷ்டமும் கலந்த ஒரு விடயத்தில், ஒரு அளவீடு வழமையைவிட மிகவும் மேலே அல்லது மிகவும் கீழே போனால், அடுத்த அளவீடு வழமைக்கு நெருக்கமாக வருவதற்கே வாய்ப்பு அதிகம். இதுதான் சராசரிக்குத் திரும்பல். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886 இல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு இதை எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள். ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமான பெற்றோரின் பிள்ளைகள் பெற்றோரைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பலர் வழி தவறுகிறார்கள். “இவ்வளவு தோத்தாச்சு, இனி வெல்லத்தானே வேணும்” என்பது சராசரிக்குத் திரும்பல் இல்லை. பழைய தோல்விக்கு யாரும் நட்டஈடு தருவதில்லை. அடுத்த மச்சில் அணி அதன் உண்மையான தரத்தில் விளையாடும், அவ்வளவுதான். அந்தத் தரம் கடைசி ஐந்து மச்சின் முடிவுகளைவிட மேலானது என்பதால், நமக்கு அது ஏற்றமாகத் தெரிகிறது. அணியின் தரமே விழுந்திருந்தால் திரும்பி வருவதற்கு மேலே ஓரிடம் இராது.

மேலிருந்து கீழே வருவதும் இதே கதைதான். லெஸ்டர் சிற்றி 2015–16 இல் கிளோடியோ ரனியேரியின் கீழ் 81 புள்ளிகளுடன் சம்பியனானது. உலகமே வியந்த அந்தப் பருவம் லெஸ்டரின் வழமை இல்லை. அடுத்த பருவத்தில் கீழே இறங்கியதும் 2017 பெப்ரவரியில் ரனியேரி நீக்கப்பட்டார். சம்பியனாகி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அவர் மேல் விழுந்த பழியில் ஒரு பெரும் பகுதி, அதற்கு முந்திய வருடம் கிடைத்த அளவுமீறிய புகழின் மறுபக்கம் என்பது என் எண்ணம்.

உதைபந்தாட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு இடம் ஏன்

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு அணி ஒரே ஆட்டத்தில் எண்பது, நூறு புள்ளி எடுக்கும். ஒரு பந்து வளையத்தில் பட்டு வெளியே போனால் பெரிய நட்டமில்லை. உதைபந்தாட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஒரு மச்சில் அடிப்பது ஏறத்தாழ மூன்று கோல். கம்பத்தில் பட்ட ஒரு பந்து, மத்தியஸ்தரின் ஒரு விசில், பின்கள வீரரின் காலில் பட்டுத் திசைமாறிய ஒரு உதை, இவற்றில் ஏதோ ஒன்றே முடிவைத் தலைகீழாக்கிவிடும்.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு மச்சிலும் வெல்வதற்கு 40 சதவீத வாய்ப்புள்ள அணியொன்று இருக்கிறது. 38 மச் கொண்ட பருவத்தில் அது பதினைந்து மச் வெல்லும். அட்டவணையின் மேற்பாதியில் நிற்கக்கூடிய நல்ல அணி. அது தொடர்ந்து ஐந்து மச்சில் ஒன்றையேனும் வெல்லாமல் விடுவதற்கான வாய்ப்பு என்ன? 0.6 ஐ ஐந்து தரம் பெருக்க வேண்டும். ஏறத்தாழ 8 சதவீதம் வரும். சிறிதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து மச் பருவத்தின் எந்த இடத்திலும் தொடங்கலாம். முழுப் பருவத்தையும் கணக்கெடுத்தால், எங்காவது ஓரிடத்தில் அப்படியொரு ஐந்து மச் வறட்சி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு.

அதாவது, தரத்தில் எந்த மாற்றமும் இல்லாத ஒரு நல்ல அணிக்குக்கூட “ஐந்து மச்சாய் வெல்லேல்லை” என்ற நிலைமை பெரும்பாலான பருவங்களில் ஒரு தரமாவது வரும். அது வந்ததும் நாங்கள் காரணம் தேடுகிறோம். முகாமையாளர் மைதானத்தின் ஓரத்திலேயே நிற்கிறார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முடிவு என்பது தரமும் அதிர்ஷ்டமும் கலந்தது, உதைபந்தாட்டத்தில் கோல் குறைவென்பதால் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது, முகாமையாளர் நீக்கப்படுவது அதிர்ஷ்டமும் மிகக் கீழே கிடக்கும் நேரத்தில், ஆகவே அடுத்து வருவது பெரும்பாலும் ஏற்றமாகத் தெரியும்.

சொல்ஷயாரின் பன்னிரண்டு மச்

மன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு 2018–19 நன்றாக நினைவிருக்கும். ஜோஸே மொரின்யோவின் கீழ் முதல் 17 லீக் மச்சில் 26 புள்ளி (வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று). டிசெம்பரில் அவர் நீக்கப்பட்டார். பழைய வீரர் ஒலே குன்னார் சொல்ஷயார் தற்காலிகமாக வந்தார். அடுத்த 12 லீக் மச்சில் தோல்வியே இல்லை. 10 வெற்றி, 2 சமநிலை, 32 புள்ளி. பாரிஸில் பி.எஸ்.ஜி.யை 3–1 என வென்று, ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றிய இரவும் அதற்குள் வருகிறது. மார்ச் 28 இல் அவருக்கு நிரந்தர ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டுக்குப் பிறகு எஞ்சிய 9 லீக் மச்சில் கிடைத்தது 8 புள்ளி மாத்திரம்.

மொரின்யோவின் முந்திய முழுப் பருவத்தில், 2017–18 இல், யுனைடெட் 38 மச்சில் 81 புள்ளி எடுத்து இரண்டாம் இடம் பிடித்திருந்தது. ஒரு மச்சுக்கு ஏறத்தாழ 2.1 புள்ளி. மொரின்யோவின் கடைசி 17 மச்சில் 1.5. சொல்ஷயாரின் முதல் 12 இல் 2.7. அதற்குப் பிந்திய 9 இல் 0.9. அவருடைய 21 மச்சையும் சேர்த்தால் 1.9. அந்த அணியின் உண்மையான தரம் இரண்டுக்குச் சற்றுக் கீழே எங்கோ இருந்தது என்றுதான் இந்த எண்களை வாசிக்க வேண்டும். 1.5 அதற்குக் கீழே போன காலம், 2.7 மேலே போன காலம். கழகம் மேலே போன காலத்தைப் பார்த்து ஒப்பந்தம் எழுதியது.

புதியவர் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மொரின்யோவின் கடைசி மாதங்களில் அணியறை இறுகிப் போயிருந்தது. மூச்சு விட இடம் கிடைத்த வீரர்கள் நன்றாக ஓடுவார்கள். இடம் இழந்தவர்கள் புதியவரின் கண்ணில் படுவதற்காக இன்னும் ஓடுவார்கள். அந்த உற்சாகம் உண்மையானது. எவ்வளவு ஏற்றம் உற்சாகத்தால் வந்தது, எவ்வளவு ஏற்றம் எப்படியும் வந்திருக்கும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

மாற்றாதவர்களுக்கு என்ன நடந்தது

பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. முகாமையாளரை மாற்றிய கழகங்களை மட்டும் பார்க்காமல், அதேயளவு மோசமாகச் சரிந்தும் மாற்றாமல் விட்ட கழகங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இப்படிப் பக்கத்தில் வைக்கும் கூட்டத்துக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, மருந்து எடுக்காத நோயாளிகளையும் கவனிப்பது போன்ற அதே முறைதான்.

நெதர்லாந்தின் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையான டச்சு லீக்கை எடுத்து இதைச் செய்தார். முகாமையாளரை நீக்கிய கழகங்கள் பிறகு மீண்டன. ஒரே மாதிரிச் சரிந்து, யாரையும் நீக்காத கழகங்களும் மீண்டன. நீக்கியதால் கிடைத்த மேலதிகப் பலன் என்று ஒன்றை அவரால் காண முடியவில்லை.

இதை உயிரோடு பார்க்க விரும்புபவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது பொரூசியா டோர்ட்முண்டின் 2014–15 பருவம். யூர்கன் க்ளொப் 2011 இலும் 2012 இலும் அவர்களை ஜேர்மன் சம்பியனாக்கியவர். 2013 இல் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். 2014–15 பருவத்தின் முதற்பாதியில் 17 மச்சில் 15 புள்ளி. பதினெட்டு அணியில் பதினேழாவது இடம். 2015 பெப்ரவரி 4 இல் சொந்த மைதானத்தில் ஓக்ஸ்பேர்க்கிடம் 0–1 எனத் தோற்றபோது அட்டவணையின் கடைசி இடம். மச் முடிந்ததும் கோல்காப்பாளர் வைடன்ஃபெல்லரும் தலைவர் ஹுமெல்ஸும் வேலியோரம் போய்க் கொதித்து நின்ற ரசிகர்களோடு முகத்துக்கு முகம் பேசினார்கள். வேறெந்தப் பெரிய கழகமென்றாலும் அன்றிரவே முகாமையாளரின் கதை முடிந்திருக்கும்.

டோர்ட்முண்ட் அவரை வைத்திருந்தது. அடுத்த நான்கு லீக் மச்சும் வெற்றி. நான்காவது, பரம எதிரியான ஷால்கவுக்கு எதிராக 3–0. இரண்டாம் பாதியின் 17 மச்சில் 31 புள்ளி, முதற்பாதியைப் போல இருமடங்குக்கு மேல். பருவ முடிவில் ஏழாம் இடமும் ஜேர்மன் கிண்ண இறுதியாட்டமும். அதே முகாமையாளர், அணியும் பெரும்பாலும் அதே வீரர்கள்தான். காயப்பட்டவர்கள் திரும்பி வந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெப்ரவரி 5 ஆம் திகதி காலை புதிதாக ஒருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால், அந்த 31 புள்ளியும் அவருடைய சாதனையாகவே எழுதப்பட்டிருக்கும்.

முடிவுக்கு அடியில் பார்ப்பது எப்படி

முடிவு ஏமாற்றுமென்றால் வேறு எதைப் பார்ப்பது? இதற்கென்று பயன்படும் அளவீடு எதிர்பார்ப்புக் கோல். அணி உதைக்கும் ஒவ்வொரு பந்துக்கும், அது கோலாக மாறும் வாய்ப்பு எவ்வளவு என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். அதே தூரத்திலிருந்து, அதே கோணத்தில், அதே வகையாக முன்பு உதைத்த ஆயிரக்கணக்கான பந்துகளில் எத்தனை கோலானது என்பதிலிருந்து அந்த எண் வரும். தண்ட உதைக்கு 0.75 இற்கும் 0.8 இற்கும் இடையில். முப்பது யார் தூரத்திலிருந்து ஆசைக்கு விடும் உதைக்கு மிகச் சொற்பம். ஒரு மச்சின் எல்லா உதைகளையும் கூட்டினால், வழமையான அதிர்ஷ்டத்தில் அந்த அணி எத்தனை கோல் அடித்திருக்க வேண்டும் என்று தெரியும்.

முகாமையாளரின் வேலை வாய்ப்பை உருவாக்குவதும் எதிரணியின் வாய்ப்பை அடைப்பதும். கம்பத்தில் பட்ட பந்தை உள்ளே தள்ளுவது அவரால் முடியாது. ஆகவே எதிர்பார்ப்புக் கோல் நன்றாக இருந்தும் அணி தோற்றுக்கொண்டிருந்தால், பொறுத்திருக்க ஒரு நியாயம் இருக்கிறது. எதிர்பார்ப்புக் கோலே மாதக்கணக்காகச் சரிந்துகொண்டு போனால், அணி இடைக்கிடை வென்றாலும் முகாமையாளரைக் கேள்வி கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

டோர்ட்முண்டின் அந்த மோசமான பருவத்தை லிவர்பூலின் தரவு ஆய்வாளர் இயன் கிரகாம் இப்படித்தான் அலசினார். உருவாக்கிய வாய்ப்புகளையும் கொடுத்த வாய்ப்புகளையும் பார்த்தால், அது அட்டவணை காட்டியதைவிட எவ்வளவோ மேலான அணி; அதிர்ஷ்டம்தான் இல்லை. 2015 ஒக்ரோபரில் லிவர்பூல் க்ளொப்பை எடுத்தது. 2019 இல் சம்பியன்ஸ் லீக்கும், 2020 இல் முப்பது வருடத்துக்குப் பிறகு லீக்கும் அவர்கள் கைக்கு வந்தன.

அப்படியென்றால் ஒருவரையும் நீக்கவே கூடாதா?

நீக்கலாம். 2021 ஜனவரியில் செல்சி ஃபிராங்க் லம்பார்டை நீக்கித் தோமஸ் டுச்சலைக் கொண்டுவந்தது. அவர் பின்களத்தில் மூன்று மத்திய வீரர்களை நிறுத்தி ஆட்டத்தின் அமைப்பையே மாற்றினார். முதல் 14 மச்சில் தோல்வி இல்லை. வாங்கிய கோல் இரண்டே இரண்டு. மே மாதம் சம்பியன்ஸ் லீக் கிண்ணம். எதிரணிக்கு வாய்ப்பே கிடைக்காமல் போனது அதிர்ஷ்டத்தால் அல்ல, மைதானத்தில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தால்.

“காலம் குடுங்கோ” கட்சியும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எப்போதும் சேர் அலெக்ஸ் பேர்குசனைக் காட்டுவார்கள். 1986 நவம்பரில் மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். 1989–90 இல் அணி பதின்மூன்றாம் இடம். அப்போதும் அவரைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். பிறகு 13 லீக் கிண்ணம். எல்லாம் உண்மை. ஆனால் பொறுமை காட்டியும் ஒன்றும் நடக்காத கழகங்களை யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை. அதே யுனைடெட் 2024 இல் லீக்கில் எட்டாம் இடம் வந்த எரிக் டென் ஹாக்கை, எஃப்.ஏ. கிண்ணம் வென்றதைப் பார்த்து வைத்திருந்தது, ஒப்பந்தத்தையும் நீட்டியது. அதே ஒக்ரோபரில் நீக்கியது. வென்று நிலைத்தவர்களை மட்டும் எண்ணி, மறைந்து போனவர்களை விட்டுவிடும் தவறுக்குத் தப்பியோர் சார்பு என்று பெயர். பேர்குசனின் கதை பொறுமை பலன் தரலாம் என்று காட்டுகிறது. எந்த முகாமையாளரிடம் பொறுமை காட்டுவது என்று அது சொல்லாது.

ஆக, முடிவுகளை மட்டும் பார்த்து நீக்குவதும் தவறு, முடிவுகளை மட்டும் பார்த்து வைத்திருப்பதும் தவறு. என்னுடைய சாய்வைக் கேட்டால், முடிவுக்கு அடியிலுள்ள எண்கள் விழாதவரை வைத்திருப்பதன் பக்கம்தான். மாற்றத்துக்குச் செலவு உண்டு: நட்டஈடு, புதியவருக்குப் பிடித்த புது வீரர்கள், பழையவர் வாங்கியவர்களை அரைவிலைக்கு விற்பது. அந்தச் செலவைச் சராசரிக்குத் திரும்பல் இலவசமாகத் தந்திருக்கக்கூடிய ஏற்றத்துக்காகக் கட்டுவது எனக்கு மனம் பொறுக்காத விடயம்.

எண்ணால் தீராத பகுதி

சில பிளவுகள் கணக்கால் தீராது. 2025 மே 21 இல் டொட்டன்ஹாம், யுனைடெட்டை 1–0 என வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தை எடுத்தது. 2008 க்குப் பிறகு அவர்களுடைய முதல் கிண்ணம். அதே பருவத்தில் லீக்கில் 22 தோல்வி, பதினேழாம் இடம். பதினாறு நாளில் அஞ்ச் பொஸ்டெகொக்லு நீக்கப்பட்டார். ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அடுத்த பருவம் யாருடைய கையில் நன்றாக இருக்கும் என்பது ஒரு கேள்வி. அதற்கு எண்கள் உதவும். பதினேழு வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒரு இரவு என்ன பெறுமதி என்பது வேறு கேள்வி. அதைக் கழக ஆதரவாளர்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு சண்டைபிடித்தால் விடிந்தாலும் முடியாது.

ஊர்க் கழகத்தில் இதை எப்படிப் பார்ப்பது

எங்கள் மைதானங்களில் நடப்பவற்றில் பெரும்பாலானவை விலகல் முறைச் சுற்றுப்போட்டிகள். அணிக்கு எழுவர், மின்னொளி, ஒரு மச் தோற்றால் வெளியே. லீக்கில் 38 மச்சே ஏமாற்றுமென்றால், இங்கே ஒரே மச் எவ்வளவு ஏமாற்றும்! சமநிலை தவிர்ப்பு உதையில் வெளியேறிய அணியின் பயிற்றுநரை அடுத்த மாதமே மாற்றுவது, ஒரு நாள் பாட்டைப் பார்த்துப் படகுக்காரனை அனுப்புவதிலும் மோசம்.

எதிர்பார்ப்புக் கோல் கணக்குப் போடும் கணினி எங்களிடம் வேண்டியதில்லை. கரையில் நிற்கும் ஒரு பொடியனிடம் கொப்பியும் பேனையும் கொடுத்தால் போதும். கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள்ளிருந்து எங்கள் அணி உதைத்தது எத்தனை, எதிரணி உதைத்தது எத்தனை என்று கோடு கீறச் சொல்லுங்கள். உள்ளே போனதுக்கும் வெளியே போனதுக்கும் ஒரே கோடுதான். பத்துப் பன்னிரண்டு மச் சேர்ந்த பிறகு கழகக் கூட்டத்தில் பயிற்றுநரைப் பற்றிய கதை எழும்பினால், முதலில் அந்தக் கொப்பியை மேசையில் விரியுங்கள்.